திருத்தப்பட்ட அப்பா

எங்கள் தெருவில் வளர்துணைக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தது என் கணவர்தான். அரசாங்கம் வைத்த பெயரை அதற்குப் பிறகு யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அது ஒரு குன்றிமணி அளவே இருக்கும் கருவி. பிரசவ வார்டில் குழந்தையின் காலில் அடையாளப் பட்டை கட்டும்போதே, தாய்க்கும் தகப்பனுக்கும் காதின் பின்புறம் அதை ஒட்டிவிடுவார்கள். நாம் குழந்தையிடம் பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டிருக்கும். தவறாக எதையாவது சொல்லிவிட்டால், நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இப்படிச் சொல்லிப் பார்க்கலாமே” என்று மெதுவாக எடுத்துக் கொடுக்கும்.

“கத்தாது, கோவப்படாது, ஆனா விடவும் விடாது. இது மாமியாதான்” என்றார் அவர். ஊசி போட வந்த நர்ஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். நாங்கள் குழந்தையோடு வீடு திரும்புவதற்குள் அந்தப் பெயர் சாத்தூர் முழுக்கப் பரவியிருந்தது.

என் கணவர் பெயர் சங்கிலி. ஊருக்கு வெளியே பரந்து கிடந்த சூரியத் தகடுகளைக் கழுவும் குழுவில் வேலை. நான் சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் திருத்தம் என்ற காரியத்தின்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. என் பிழைப்பே அதுதான்.

பள்ளிக்கூடம் கட்டி, சோறு போட்டு, மருந்து கொடுத்தால் மட்டும் நல்ல குடிமக்கள் உருவாகிவிட மாட்டார்கள், பிள்ளை முதல் சில வருடங்கள் வீட்டில் என்ன பேச்சைக் கேட்டு வளர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அந்தக் காலத்து அரசு நம்பியது. அதற்காகவே வருங்காலக் குடிமக்கள் துறை என்று ஒன்று வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் தெருவில் பிள்ளைகளை அடிப்பது நின்றது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் புருஷன் குடித்துவிட்டு வந்தால் முன்பெல்லாம் மூத்த பையன் எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒளிந்துகொள்வான். இளையது பிறந்து மாமியார் வந்த பிறகு அந்த ஆள் தள்ளாடிக்கொண்டே வந்து, “உன் பயம் எனக்குப் புரிகிறது, தம்பி” என்று பையனிடம் சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுத்தான் வாசலில் விழுவார்.

எங்கள் மகளுக்கு வெயிலாள் என்று பேர் வைத்தோம். பிறந்த அன்று அப்படி ஒரு வெயில். அவளைக் கையில் வாங்கியதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, “என்னப் பெத்த தாயி.”

அந்த வார்த்தைதான் எங்கள் வீட்டுக்கு அலுவலரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வெயிலாள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எங்கள் பகுதிக்கு வளர்ப்பு அலுவலராக இருந்தவர் ஜெபராணி. என்னைவிட மூத்தவர். உள்ளே வரும்போதே செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் உட்காருவார்.

“சார், உங்களுக்கு வந்த திருத்தத்துல பாதிக்கு மேல ஒரே ஒரு சொல்லுக்குத்தான்” என்றார்.

“எந்தச் சொல்லு மேடம்?”

சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஜெபராணி சொன்னார்.

“அது வையிறது இல்லையே” என்றார் என் கணவர்.

“வையிறதுன்னு யாரும் சொல்லல. பச்சப் பிள்ளையப் பாத்து, நீதான் என்னைப் பெத்தவன்னு சொல்றீங்க. நீ எனக்குப் பிள்ளை இல்ல, நான்தான் உனக்குப் பிள்ளைன்னு அதுக்கு அர்த்தம் ஆகுது. அப்படிக் கேட்டு வளர்ற பிள்ளைங்க, பெத்தவங்க பாரத்தத் தன் தலையில ஏத்திக்கிட்டு, தனக்குன்னு ஒண்ணும் கேக்காமலே பெரிசாயிருதாம். துறையில ஆராய்ச்சி பண்ணித்தான் இத வச்சிருக்காங்க.”

“அதுக்கு அப்படி அர்த்தம் இல்ல மேடம்.”

“பின்ன என்ன அர்த்தம்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மெய்ப்புத் தாளில் தலையைக் குனிந்துகொண்டேன். “அர்த்தம்னு பாத்தா ஒண்ணும் இல்ல” என்றார். “பிள்ளையப் பாத்ததும் வந்துருது. கொஞ்சுறதுக்கு யாராவது அகராதியப் பாப்பாகளா? உங்க பிள்ளைய நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

வெயிலாள் ஜெபராணியின் கழுத்துச் சிலுவையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“என் மூத்தவன ‘அப்பா’ன்னுதான் கூப்பிடுவேன். அவன் பிறந்தப்ப மாமியா வரல” என்றார். அலுவலர் வாயிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டதில் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார். “சின்னவனப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறேன். அவனும் நல்லாத்தான் இருக்கான். முயற்சி பண்ணுங்க சார். திருத்தம் கொறையலன்னா உங்களப் பேச்சுப் பயிற்சி முகாமுக்கு அனுப்பச் சொல்லி மேலருந்து வரும். மாசக்கணக்குல பிள்ளையப் பாக்க முடியாது. எனக்கு அத எழுத இஷ்டம் இல்ல.”

அதற்குப் பிறகு என் கணவர் முயற்சி செய்தார். பார்க்கப் பாவமாக இருக்கும். வெயிலாள் தட்டைத் தள்ளிச் சோற்றைக் கொட்டினால் வாயைத் திறப்பார், “களவாணிக் கழுத” என்பது பாதி வெளியே வந்திருக்கும், காதுக்குள் மாமியார் பேச ஆரம்பித்துவிடும். முகத்தை நேராக்கிக்கொண்டு, “மகளே, நீ தட்டைத் தள்ளிவிட்டதை நான் கவனித்தேன்” என்பார். பிள்ளை அவர் முகத்தையே உற்றுப் பார்க்கும். பிறகு உருண்டு உருண்டு சிரிக்கும். அவள் பேசக் கற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். “மாமியாப் பேச்சு வேணாம்ப்பா. நீ பேசு” என்பாள்.

அந்த வார்த்தையை மட்டும் அவரால் விட முடியவில்லை. வேலை முடிந்து வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே பிள்ளை ஓடிவரும். “என்னப்…” என்று ஆரம்பித்து விழுங்கிக்கொள்வார். விழுங்கியதை மறைக்க, “என்னப் பாக்குற?” என்று முடிப்பார். மாமியார் அதற்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் வெயிலாளுக்கு மிச்சம் தெரியும். அவர் விட்ட இடத்திலிருந்து அவளே “பெத்த தாயி” என்று முடித்துவிட்டுத் தோளில் ஏறிக்கொள்வாள். இது தினமும் நடந்தது. திருத்தம் குறைந்துவிட்டது என்று ஜெபராணியும் சந்தோஷப்பட்டார்.

வெயிலாள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தகடு கழுவும் இடத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

கருமாதி முடிந்த மறுநாள் ஜெபராணி வந்தார். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோமதி, ஒரு விஷயம் சொல்றேன், பதறாம கேளு. தாயோ தகப்பனோ இல்லாமப் போற பிள்ளைக்கு, பதினெட்டு வயசு வரைக்கும் அவங்க குரல அரசாங்கம் குடுக்குது. மாமியா இத்தன வருசமா அவர் பேச்சக் கேட்டு வச்சிருக்குல்ல. அத வச்சு அவரு மாதிரியே பேசும், கேட்டதுக்குப் பதில் சொல்லும், பாடம் சொல்லிக் குடுக்கும். இது பிள்ளையோட உரிமை. அனாதையா ஒரு பிள்ளைகூட வளரக்கூடாதுன்னு கொண்டு வந்தது.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், என் வயிறு குளிர்ந்தது. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்தார்கள். வெயிலாளை அதன் முன்னால் உட்காரவைத்தேன்.

“வெயிலாள், நான் அப்பா பேசுகிறேன்” என்றது.

அவர் குரல்தான். தொண்டையில் தூசி படிந்த மாதிரி ஒரு கரகரப்பு இருக்கும், அதுகூட இருந்தது.

“நீ வருத்தமாக இருப்பது இயல்பு. உன் வருத்தத்தை நான் மதிக்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து மூச்சை மெதுவாக உள்ளே இழுப்போமா?”

வெயிலாள் மூச்சை இழுக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, இது மாமியா” என்றாள்.

ஜெபராணியிடம் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. மாமியார் திருத்திய பேச்சு எதையும் பெட்டிக்குக் கொடுக்கமாட்டார்களாம். தவறு என்று ஒதுக்கியதைப் பிள்ளைக்குத் திரும்பக் கொடுப்பது நியாயமா என்று அவர் கேட்டார். நியாயம்தான். பிழையைத் திருத்திய பிறகுதானே நானும் புத்தகத்தை அச்சுக்கு அனுப்புகிறேன். ஆனால் கழுதையையும் களவாணியையும் அந்த ஒரு வார்த்தையையும் எடுத்துவிட்டால் சங்கிலியிடம் மிஞ்சுவது என்ன? மாமியார் சொல்லிக் கொடுத்து அவர் ஒப்பித்தது மட்டும்தான் மிஞ்சும். அதைத்தான் அவர் தொண்டையில் போட்டு எங்கள் அலமாரியில் வைத்திருந்தார்கள்.

அது பேச ஆரம்பித்தால் நான் மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் போல ஓடும். எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு முகம் மறக்காது, படம் இருக்கிறது. குரல் மறந்துவிடும். தினமும் இது அவள் காதில் ஏறி ஏறி, ஒருநாள் இதுதான் அப்பா என்று ஆகிவிட்டால், அவர் இரண்டாம் தடவையும் போய்விடுவார். அந்தத் தடவை எடுத்துப்போக ஆள்கூட வராது.

பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். என்னால் முடியாது என்றார் ஜெபராணி. உரிமை பிள்ளையுடையது, பிள்ளையே வந்து அலுவலகத்தில் வேண்டாம் என்று சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

“சொல்லுவா” என்றேன். “மொத நாளே சொல்லிட்டா.”

விருதுநகர் அலுவலகத்தில் பிள்ளைகளை விசாரிப்பதற்கென்று ஓர் அறை. சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. வெயிலாளுக்கு ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டு ஜெபராணி எதிரில் உட்கார்ந்தார். நான் மூலையில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது.

“வெயிலா, வீட்டுல பேசுதே, அது உங்க அப்பாவா?”

“இல்ல.”

நான் மூச்சுவிட்டேன்.

“அப்ப அது வேணாமா உனக்கு?”

வெயிலாள் மிட்டாயைக் கடித்து, மென்று, விழுங்கினாள். “மொதல்ல பிடிக்கல” என்றாள்.

“இப்ப?”

“இப்பப் பரவால்ல. அதுக்கு ஒண்ணுமே தெரியல, பாவம். நான்தான் எல்லாம் சொல்லிக் குடுக்கேன்.”

ஜெபராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தேன்.

“என்ன சொல்லிக் குடுத்த?”

“எல்லாத்துக்கும் புரிகிறது புரிகிறதுன்னு சொல்லக்கூடாது, புரியலன்னா ‘என்னத்தச் சொல்ற’ன்னு கேக்கணும்னு. சாப்பிடும்போது கதைய நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்னு. அப்புறம் நான் கணக்குத் தப்பாப் போட்டா, ‘நல்ல முயற்சி’ன்னு சொல்லக்கூடாது.”

“வேற என்ன சொல்லணும்?”

“‘இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போறியாக்கும்’னு கேக்கணும். சிரிச்சுக்கிட்டே கேக்கணும். அதுக்குச் சிரிக்கத் தெரியல. அத மட்டும் இன்னும் பழக்கணும்.”

“சொன்னா கேக்குதா?”

“கேக்காட்டி கழுதன்னு வைவேன். அப்பாவ வையக்கூடாதுதான். ஆனா அது அப்பா இல்லல்ல.”

ஜெபராணி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, தாழ்ந்த குரலில் சொன்னார். “பெத்தவங்க பேச்சத்தான் வடிகட்டுறோம், கோமதி. பிள்ளைங்க பேச்சத் திருத்தக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. இவ என்ன சொன்னாலும் பெட்டி அப்படியே கத்துக்கும். அவர்கிட்ட இருந்து நாங்க எடுத்துப் போட்டதையெல்லாம் இவ திரும்ப உள்ள போட்டுக்கிட்டு இருக்கா. இப்படி ஒரு வழி இருக்குன்னு எங்க துறையில ஒருத்தருக்கும் தோணல.”

“மேல சொல்லுவீங்களா?”

“பிள்ளை சந்தோசமா இருக்குன்னு சொல்லுவேன். அது உண்மைதான.”

அவர் மறுபடி வெயிலாளிடம் திரும்பினார். “கடைசியாக் கேக்கேன். நிறுத்திரவா, வேணாமா?”

“நிறுத்திட்டா அது எங்க போகும்?”

“எங்கயும் போகாது. இருக்காது, அவ்வளவுதான்.”

வெயிலாள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவள் அப்பாவும் அப்படித்தான் செய்வார். “இருக்கட்டும்” என்றாள். “இப்பத்தான் தேறி வருது. ஆனா அம்மா அதுகிட்டப் பேசவே மாட்டேங்குறா. அதுக்கு அம்மாவத் தெரியல. அம்மா பேரக்கூட நான்தான் சொன்னேன்.”

ஊர் திரும்பும் பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். நான் சன்னலுக்கு வெளியே தகடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாமியார் கேட்டதெல்லாம் அவர் பிள்ளையிடம் பேசியதை மட்டும்தான். என்னிடம் பேசும்போது அது காதை மூடிக்கொள்ளும், அதுதான் சட்டம். ஆக ஒரு மனுஷரிடமிருந்து தகப்பனை மட்டும் அரித்து எடுத்துவைத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்த ஆள் எனக்குத்தான் சொந்தம், அவர் சுடுகாட்டோடு போய்விட்டார். பிள்ளைக்குக் குரல் கொடுக்கிற அரசுக்கு, பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது ஞாபகமில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வருங்காலக் குடிமகள் இல்லை.

அன்று சாயங்காலம் வெயிலாள் பஞ்சவர்ணம் வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். நான் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உரித்துக்கொண்டே இருந்தேன்.

“நான் கோமதி” என்றேன்.

“வெயிலாள் சொல்லியிருக்கு” என்றது. பரவாயில்லை, ‘சொல்லியிருக்கிறாள்’ என்று சொல்லவில்லை. “ஒங்கள நான் எப்படிக் கூப்பிடணும்?”

எங்கள் ஊர் ஆம்பிளைகள் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள் என்றாலும், ‘ஏய்’ என்றாவது ‘இந்தா’ என்றாவது ஒன்று இருக்கும். சங்கிலிக்கு அதுவும் கிடையாது. மகளுக்கு ஆயிரம் பேர் வைத்துக் கொஞ்சிய மனுஷர், கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எங்கே இருந்தாலும் நடுவிலிருந்து பேச்சை ஆரம்பித்துவிடுவார். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், கூப்பிடாமல் பேசினால் அது என்னிடம்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

“கூப்பிட வேண்டாம். நேரா விசயத்துக்கு வந்துருங்க” என்றேன்.

அதற்குப் புரியவில்லை என்று நினைத்தேன். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

“தண்ணி வந்துச்சா?” என்றது.

கை நின்றுவிட்டது. “இன்னும் இல்ல” என்றேன். “இன்னைக்கு நம்ம தெரு முறைதான். வால்வு தெறக்கிறவரு வரல போல.”

“அப்பக் குடத்தக் கழுவி வைக்க வேண்டியதான. வந்தப்புறம் ஓடுறது.”

இதே பேச்சு. இதே எரிச்சல். மாமியார் கேட்டிராத பேச்சு இது. அவரும் நானும் சமையல்கட்டில் நின்று மல்லுக்கட்டியபோது வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை என்னவெல்லாம் பொறுக்கி வைத்து அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய கோபம்தான் சுர்ரென்று ஏறியது.

“கை ஒழியல” என்றேன். “நீங்க வந்து கழுவுங்க.”